ஃபிரிட்ஜுக்குள் ஒரு சுழல்தட்டு

பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜுகளில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். பால் பாக்கெட்டுக்கும் சட்னிக் கிண்ணத்துக்கும் பின்னால், சுவரை ஒட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. திறந்து பார்க்கத் துணிச்சலும் இல்லை. இதற்கு வீட்டுக்காரர்களின் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்ணாடித் தட்டு உள்நோக்கி ஆழமாகப் போகிறது, கதவோ முன்பக்கம் மட்டும்தான் திறக்கிறது. முன்னால் நிற்பது பின்னால் இருப்பதை மறைக்கத்தான் செய்யும்.

சுழல்தட்டு இதற்குத்தான். வட்டமான தட்டு, அடியில் ஒரு தாங்கி, இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் உருளும் சிறு குண்டுகள். விரலால் தள்ளினால் பின்வரிசை முன்னால் வந்து நிற்கும். ஊறுகாய், சாஸ், ஜாம், இஞ்சி பூண்டு விழுது என்று பாட்டிலில் வரும் எதற்கும் இது பொருத்தம். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஓரத்தில் விரல் கனத்துக்காவது விளிம்பு எழும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டென்று சுற்றும்போது உயரமான பாட்டில் வெளிப்பக்கம் சாயும். குண்டுகள் துருப்பிடிக்காத எஃகாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் ஈரத்தில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருவேறி இறுகிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 30 செ.மீ. நீள அகலம் உள்ள சதுர இடத்தின் பரப்பு 900 சதுர செ.மீ. அதில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் பரப்பு சுமார் 707. நான்கு மூலைகளிலும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண். அதனால் ஃபிரிட்ஜ் முழுக்கச் சுழல்தட்டாக நிரப்புவது அசட்டுத்தனம் என்பது என் எண்ணம். ஒன்று போதும், அதுவும் பாட்டில்களுக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் சதுர டப்பாக்களே மேல். ஒன்றையொன்று ஒட்டி உட்காரும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

எதை எங்கே வைப்பது என்பதற்கு, ஃபிரிட்ஜுக்குள் குளிர் எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் குளிரூட்டும் குழாய் மேலே ஃபிரீசரைச் சுற்றி இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். வெதுவெதுப்பானது மேலே ஏறும். விசிறி கிடையாது. தட்டுகளின் ஓர இடைவெளிதான் காற்றுக்கு வழி. ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் விசிறி உண்டு; அது பின்சுவரில் உள்ள துளைகள் வழியாகக் குளிரை ஊதும். பெரிய டப்பா அந்தத் துளையை மறைத்து நின்றால், டப்பாவில் உள்ளது உறையும், வேறு தட்டில் உள்ள பால் திரியும். சுவரோடு ஒட்டிக் கிடந்த வெள்ளரிக்காயின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் ஆகிக் கொழகொழத்துப் போவது இதனால்தான்.

உணவுப் பகுதி 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. கதவு அடுக்கு எப்போதும் கொஞ்சம் சூடு. திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று முதலில் படுவது அதன்மேல்தான். பாட்டில் வைக்க வசதியாக இருக்கிறதே என்று பாலை அங்கே வைக்கிறோம். அங்கே தண்ணீரும் ஊறுகாயும் போதும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பாலும் இட்லி மாவும் ஃபிரீசருக்கு அடுத்த தட்டில் இருக்கட்டும். குளிரில் மாவின் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது. நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே பாத்திரத்தில் கால்வாசி காலியாக விட்டு, மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். கனமான அந்தப் பாத்திரத்தைச் சுழல்தட்டில் ஏற்ற வேண்டாம்.

மிஞ்சிய சாம்பாரை ஆழமான குண்டானோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் பிடிக்கும்; அதற்குள் கிருமிகள் பெருகிவிடும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், தட்டையான இரண்டு டப்பாக்களில் பிரித்து ஊற்றி வைப்பது பாதுகாப்பு. கண்ணாடி டப்பாவானால் உள்ளே இருப்பது வெளியிலேயே தெரியும். எவர்சில்வரை விட மனமில்லாதவர்கள் மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதி எழுதலாம்.

காய்கறி ட்ரே தனி உலகம். பழுத்த ஆப்பிளும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கீரை அதனால் சீக்கிரம் மஞ்சளாகும். இரண்டையும் பிரித்து வையுங்கள். கொத்தமல்லிக்கு ஈரமும் வேண்டும், இலைமேல் தண்ணீர் நிற்கவும் கூடாது. கழுவாமல், வேரை நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் மூடினால் ஒரு வாரம் தாங்கும். செய்தித்தாளில் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடலாம்; அச்சு மை உணவில் ஏறும். உருளைக்கிழங்கு ஃபிரிட்ஜுக்கே வர வேண்டாம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கருகும். வாழைப்பழத்தின் தோல் கறுக்கும், தக்காளியின் மணம் போகும்.

அடுக்கி வைத்ததன் பலன் மின்வெட்டில்தான் முழுதாகத் தெரியும். கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே உள்ள குளிர் சுமார் 4 மணி நேரம் தாங்கும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒரே தடவை திறந்து, குழந்தைக்கு வேண்டிய பாலை எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுவார்.