விழாவுக்கு ஒரு முகம்

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையில் நடந்து பாருங்கள். கடைவாசல்களில் கரும்புக் கட்டுகள் சாய்ந்து நிற்கும். மண்பானைகள் அடுக்கியிருக்கும். மஞ்சள் கொத்துகள் பச்சை இலையோடு தொங்கும். யாரும் அறிவிக்க வேண்டியதில்லை; பொங்கல் வந்துவிட்டது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

அதே வாரம் நம் மன்றங்கள் நடத்தும் பொது விழாவின் பதாகையைப் பார்த்தாலோ, நின்று முழுவதும் படித்தால்தான் என்ன விழா என்று விளங்குகிறது. பிரமுகர் படங்கள் உண்டு, பத்து வண்ணங்கள் உண்டு. விழாவின் முகம் மட்டும் காணோம். சின்னம், எழுத்து, நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த முகம். அதை எப்படி அமைப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: இது யாருடைய விழா? 1952-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர் திருநாளைத் தொடங்கினார். அது மலாயாவிலும் பரவியது. சமயமும் சாதியும் பாராமல் தமிழர் அனைவரும் ஒன்றுகூடும் நாளாகப் பொங்கலைக் கொண்டாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தை ஏற்றுக்கொண்டால் சின்னமும் அதற்கு ஏற்ப அமைய வேண்டும் அன்றோ?

பதாகையில் ஒரு தெய்வத்தின் படத்தைப் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நம் தெருவிலேயே கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் அன்பர், “இது கோயில் விழா” என்று எண்ணி ஒதுங்கிவிடுவார். கிறிஸ்தவக் குடும்பமும் அப்படியே. குத்துவிளக்கை வரைந்தால் தீபாவளி நினைவு வரும். மயிலை வரைந்தால் அருகிலேயே வரும் தைப்பூசம் என்று தோன்றும். பொங்கும் பானையோ எல்லாருக்கும் பொது. உழைப்பும் உணவும் அதில் இருக்கின்றன. ஆகவே நம் சின்னம் பானை.

பானையை வரைவதிலும் கவனம் வேண்டும். பூச்சாடியைப் போல ஒன்றை வரைந்துவிடுகிறோம். கோலசிலாங்கூரில் இன்றும் சக்கரத்தில் பானை வனையும் தமிழ்க் குயவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பட்ட பானை ஒன்றை எதிரே வைத்து வரையுங்கள். உருண்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, விரிந்த வாய், பொங்கி வழியும் ஒரு நுரை, இருபுறமும் ஒவ்வொரு கரும்புத் தோகை, இவை போதும். வரைந்ததை ஐந்து சென் நாணய அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் பானை என்று தெரிந்தால் சின்னம் தேறியது. தெரியாவிட்டால் இன்னும் எதையோ நீக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது எழுத்து. முப்பது மீட்டர் தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க, எழுத்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது பலகை எழுதுவோரின் கைக்கணக்கு. தமிழுக்கு அதற்கும் சற்றுக் கூட்டியே கொள்ளலாம். காரணம், நம் புள்ளி! ‘கிள்ளான்’ என்பதில் இரு புள்ளிகளும் மறைந்தால் ‘கிளளான’ என்றாகிவிடும். எனவே புள்ளியைச் சிறு துளியாக வைக்காமல் கோட்டின் பருமனுக்கு ஈடாக வையுங்கள். அலங்காரச் சுழிகளைக் குறையுங்கள். ‘ள’வும் ‘ழ’வும் தூரத்தில் மயங்கக் கூடாது.

மூன்றாவது நிறம். மலாய் மரபில் மஞ்சள் அரசருக்குரிய நிறம். கிள்ளானோ அரச நகரம். பதாகை முழுவதும் மஞ்சளானால் அரண்மனை நிகழ்ச்சி என்ற மயக்கம் வரலாம். பொங்கல் முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ சீனப் புத்தாண்டு வருகிறது. சிவப்பும் பொன்னும் கடைத்தெருவை நிறைத்துவிடும். அவற்றுக்கிடையே நம் நிறம் தனித்து நிற்க வேண்டும். வழி நம் வாசலிலேயே இருக்கிறது. வெள்ளை மாக்கோலம், அதற்குக் கரை கட்டும் செம்மண். செம்மண் நிறத் தரையில் வெள்ளைக் கோடு தொலைவிலும் துலங்கும். தோகைக்கு மட்டும் பச்சை சேர்க்கலாம். பனியனிலும் துணிப்பையிலும் பட்டுத்திரை அச்சிடும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வேண்டும். நிறம் குறையக் குறையச் செலவும் குறையும்.

பொது இடத்தில் பதாகை கட்ட உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்; மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பதும் விதி. இதைக் கடைசி நேரத்தில் ஓரத்தில் ஒட்டாமல், முதல் வரைவிலேயே இரு மொழிக்கும் இடம் வகுத்துக்கொள்ளுங்கள். ‘பெஸ்தா பொங்கல்’ என்று மலாயில் படித்துவிட்டு அண்டை வீட்டு மலாய்க்காரரும் சீனரும் வந்தால், அது நமக்குப் பெருமைதானே!

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் 2015-ஆம் ஆண்டு இந்திய, மலேசியப் பிரதமர்கள் திறந்துவைத்த தோரண வாயிலைப் பலரும் கண்டிருப்பீர்கள். சாஞ்சித் தூபியின் வாயிலைப் போன்ற அமைப்பு அது. இரு நாட்டு நட்பின் சின்னம். நம் மன்றத்தால் அப்படி ஒன்றைக் கட்ட இயலாது, தேவையும் இல்லை. இரண்டு வாழைமரம், மாவிலை, குருத்தோலைத் தோரணம், நடுவே செம்மண் பலகையில் வெள்ளைப் பானை. மாலை ஒன்றில் பத்துப் பேர் கூடிக் கட்டிவிடலாம். கட்டிய கைகளுக்கு அது சொந்தமாகிவிடும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வரைவை நான்கு பேரிடம் காட்டுங்கள்: தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி, வேறு சமயத் தமிழர் ஒருவர், மலாய் அண்டை வீட்டார், பள்ளிச் சிறுவன். “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள்; விளக்கம் சொல்லாதீர்கள். பாட்டி பானை என்று சொல்லி, சிறுவன் அதை நினைவிலிருந்து வரைந்துவிட்டால் வேலை முடிந்தது.

பிறகு ஒரே ஒரு கட்டுப்பாடு: அடுத்த ஆண்டு புதுத் தலைவர் வந்தார் என்பதற்காகச் சின்னத்தை மாற்றாதீர்கள். ஆண்டை மட்டும் மாற்றுங்கள். பல தை பிறந்த பின், அந்தப் பலகை தெருமுனையில் ஏறியதுமே, ஒரு சொல்லும் படிக்காமல், “நம்ம பொங்கல் வந்துவிட்டது” என்று ஒரு குழந்தை சொல்லும். அன்று நம் விழா முகம் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.