கையெழுத்துக்கு முன் ஒரு தொலைபேசி

டிசம்பர் விடுமுறைக்கு ஊர் புறப்படும் ஆக்லாந்து அன்பர்களின் பெட்டியில் மனுகா தேனும் சாக்லேட்டும் இருக்கும். சிலருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தகப்பனார் விட்டுப்போன நிலத்துக்காக உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அண்ணன் கேட்கிறாரே என்று அவளும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து போட்டுவிடுகிறாள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

சட்டமோ அவள் பக்கம் நிற்கிறது. பூர்வீகச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே சம பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆனால் இதைக் கிராமத்துப் பெண்ணுக்கு யார் சொல்வது? வக்கீல் இருப்பது டவுனில். போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. துணைக்கு வருபவர் பெரும்பாலும் அந்த அண்ணனேதான்! 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அதை அறிந்தவர் சிலரே.

இந்த இடைவெளியைக் குறைக்க மத்திய நீதித்துறை 2017-ல் 'டெலி-லா' திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பொதுச் சேவை மையத்தில் பெயரைப் பதிந்தால், வக்கீல் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசுவார். சட்டத் தன்னார்வலர் ஒருவர் உதவிக்கு இருப்பார். இதில் கிடைப்பது ஆலோசனை மட்டுமே. வழக்குப் போட மாவட்ட ஆணைக்குழுவைத்தான் நாட வேண்டும். தமிழ்நாட்டில் பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் இணையத்திலேயே பார்க்கலாம் என்பதால், நிலம் யார் பெயரில் இருக்கிறது, விற்கப்பட்டுவிட்டதா என்பதைப் பிறர் வாய்ச்சொல்லை நம்பாமலே அவள் தெரிந்துகொள்ள வழியுண்டு.

கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. பல வீடுகளில் செல்போன் கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கிறது. சேவை மையம் நடத்துபவரும் உறவுக்காரராக இருக்கலாம். கூடத்தில் நாலு பேர் நடுவே நோயாளி உண்மையைச் சொல்வாரா? மருத்துவர் கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சு வரும். சொத்து விஷயமே இப்படியென்றால், அடி வாங்கும் பெண்ணின் நிலையைக் கேட்கவே வேண்டாம். அவளுக்கு அந்தக் கதவு இன்னும் அவசியம். மையத்தில் ஒரு தனி அறையும் பெண் தன்னார்வலர் ஒருவரும் இருப்பது வேகமான இணையத்தைவிட முக்கியம் எனலாம்.

இந்தியாவில் எங்கிருந்தும் இலவசச் சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100. ஊருக்குப் போகும் அன்பர்கள் அதைத் தங்கையின் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு வரலாம். அவள் முதலில் கேட்பது, அண்ணன் கொண்டுவந்த அந்தப் பத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கக்கூடும்.