எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுதல்

1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபோர்டு என்ற ஊரின் மருத்துவர். அவர் விவரித்தது பெர்சி என்ற 14 வயதுப் பையனை. ஏழு வயதிலிருந்தே அவனுக்குப் பள்ளியும் தனி ஆசிரியர்களும் குறைவில்லாமல் கிடைத்திருந்தார்கள். விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் அல்ல. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கிவிடுவான். ஆனால் மிக எளிய சொற்களைத் தாண்டி அவனுக்குப் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து முன்பின்னாகப் போட்டு எழுதினான்; ஒருமுறைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் அந்தத் தவறு அவன் கண்ணில் பட்டது. பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிந்திருக்கிறார்.

பிற்காலத்தில் டிஸ்லெக்சியா என்று அழைக்கப்பட்ட நிலையைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளுள் அது ஒன்று. ஆனால் படிக்கத் தெரியாத பதின்வயதினர் எல்லோரும் பெர்சி அல்ல. 2023இல் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வுக்காரர்கள் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கொடுத்தது இரண்டாம் வகுப்புப் பாடம், அதுவும் அவரவர் வட்டார மொழியில். நான்கில் ஒருவரால் அதைத் தட்டுத்தடுமாறாமல் படிக்க முடியவில்லை. இவர்களில் சிலருக்கு மூளையின் அமைப்பே வேறு. பலருக்கு அப்படி எதுவும் இல்லை. எழுத்து பழக வேண்டிய வயதில் பள்ளி மூடிக் கிடந்திருக்கும், அல்லது குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருக்கும், அல்லது ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் இருந்திருப்பார். எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இப்படிப்பட்டவனையும் பெர்சியையும் பிரித்தறிய முடியாது. நல்லவேளையாக, இருவருக்கும் செய்ய வேண்டிய முதல் வேலையும் ஒன்றுதான்.

இந்தப் பிள்ளைகள் ஒளிந்துகொள்வதில் தேர்ந்தவர்கள். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக நோட்டில் வரைந்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு வரியைப் படி என்றால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பார்கள். பக்கத்தில் இருப்பவன் படிப்பதைக் காதால் வாங்கி அப்படியே ஒப்பிப்பவர்களும் உண்டு. பதிவேட்டில் 'மெல்ல மலரும் மாணவர்' என்று மென்மையாக எழுதுகிறோம். வகுப்பில் கூப்பிடும் பெயர் வேறு.

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரே வரியில் கணக்காக எழுதினார்கள். படித்துப் புரிந்துகொள்வது என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கி வருவது. இங்கே கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதுதான் விஷயம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். இப்போது நம் கடைசி பெஞ்சுக்காரனை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரப் படத்தின் கதையை ஒரு முடிச்சு விடாமல் சொல்வான். எல்பிடபிள்யூ ஏன் கொடுக்கவில்லை என்று அம்பயருக்கே விளக்குவான். கேட்டுப் புரிந்துகொள்ளும் எண் அவனிடம் பெரிதாகவே இருக்கிறது. எழுத்தை ஒலியாக்கும் எண்தான் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்தினாலும் விடை துள்ளி உயரும். ஆறு வயதுக் குழந்தைக்கு இல்லாத வசதி இது.

ஆனால் அந்த வசதிக்கும் கெடு உண்டு. பத்து வயதுக்கு மேல் புதுச் சொற்கள் பெரும்பாலும் புத்தகம் வழியாகத்தான் வருகின்றன. படிக்காதவனுக்கு அவை வருவதில்லை. வராததால் படிப்பது இன்னும் கடினமாகிறது. கீத் ஸ்டானோவிச் அதே 1986இல் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார். ஆகவே அவனுக்கு எழுத்து பழக்கும் காலத்திலேயே யாராவது அவன் வயதுக்குரிய கதையையும் அறிவியலையும் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வயது கடந்துவிட்டதே, இனி மூளை வளையுமா? இந்தக் கேள்விக்கான விடைதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் ஓர் உறுப்பு பரிணமிக்க அது போதாது. ஆனாலும் 1892இல் பாரிசின் நரம்பியல் மருத்துவர் டெஜரின் ஒரு விந்தையான நோயாளியைப் பற்றி எழுதினார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த மனிதருக்குப் பேச வந்தது, எழுத வந்தது, எண்களைப் படிக்க வந்தது. சொற்களை மட்டும் படிக்க வரவில்லை. தான் எழுதியதையே அவரால் திரும்பப் படிக்க முடியவில்லை. அப்படியானால் வாசிப்புக்கென்று மூளையில் ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். இடது காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில் அது இருக்கிறது. சீனம் படித்தாலும் ஹீப்ரு படித்தாலும் ஏறத்தாழ அதே இடம்தான்.

பரிணாமம் தராத இடம் எப்படி வந்தது? பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் சொல்லும் விளக்கம் இது: பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணப் பயன்பட்டுக்கொண்டிருந்த பகுதியில் ஒரு துண்டைக் கல்வி எடுத்துக்கொள்கிறது. தேர்தல் நாளன்று பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆவதைப் போல. கட்டடம் பழையது, வேலை புதியது. 2010இல் அவருடைய குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களின் மூளையை ஆராய்ந்தது. சிலர் சிறுவயதில் படித்தவர்கள், சிலர் படிக்காதவர்கள், சிலர் வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். வளர்ந்தபின் கற்றவர்களின் மூளையிலும் அதே இடம் எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டது. லக்னோவுக்கு அருகே கிராமத்துப் பெண்களுக்கு, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு, ஆறு மாதம் தேவநாகரி சொல்லிக்கொடுத்து முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்த ஆய்வு 2017இல் வந்தது. அங்கும் மாற்றம் தெரிந்தது. முப்பதில் முடிவது பதினான்கில் முடியாதா?

முடியும், ஆனால் தமிழ் எழுத்தின் நெளிவுசுளிவு தெரிந்து தொடங்க வேண்டும். 247 எழுத்து என்று மிரட்டுவது வீண். முறை புரிந்தால் அதில் பெரும்பகுதி தானாக விழும். சிக்கல் இருப்பது சில இடங்களில்தான். 'கெ' என்பதில் ஒற்றைக் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, ஆனால் அதன் ஒலி பின்னால்தான் வர வேண்டும். 'கொ'வில் எழுத்தின் இரு பக்கமும் குறி. வலப்பக்கத் துணைக்காலோ 'ர' போலவே இருக்கிறது. 'கௌ'வில் 'ள' உட்கார்ந்திருக்கிறது. உகரமும் ஊகாரமும் இன்னும் மோசம்: கு, பு, து மூன்றுக்கும் மூன்று வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகரத்தின் மேல் கை வைக்கவில்லை. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துமுறையைக் கற்று முடிக்க நான்காம் ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது என்று கண்டார். நம் பாடப்புத்தகங்களோ அதற்குள் பத்தி பத்தியாக ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் விழுந்தவன்தான் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே 'அ'விலிருந்து தொடங்காதீர்கள். அது அவனுக்கு அவமானம், உங்களுக்கு நேர விரயம். தனியறையில், பத்து நிமிடம், வரிசை மாற்றி எழுத்துகளைக் காட்டுங்கள். 'பூ' என்று காட்டினால் ப, பா, பி, பீ என்று முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்து 'பூ'வில் நிற்பான். பாட்டுத் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. எங்கெங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல்தான் வரும். கற்பிக்க வேண்டியது அந்தப் பட்டியலை மட்டும். பார்த்துச் சொல்வதோடு நிற்காமல், நீங்கள் சொல்ல அவன் எழுத வேண்டும்.

ஊகிக்கும் பழக்கத்தையும் உடைக்க வேண்டும். முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு 'பல்லி'யைப் 'பள்ளி' என்று படிப்பான். படத்தை மூடுங்கள். கடைசி எழுத்து வரை கண் போகட்டும். ஒலி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை: 'பம்பரம்' என்பதில் இரண்டு ப-வுக்கும் ஒலி வேறு என்று நாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, சொல் தெரிந்தவனுக்கு வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். இப்படித் தானே கூட்டி, தானே திருத்தி, தானே கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லும் நினைவில் ஒட்டிக்கொள்கிறது என்பது டேவிட் ஷேர் 1995இல் முன்வைத்த கருத்து. சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய உதவி.

அடுத்த மலை நீளச் சொற்கள். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு போனால் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் நினைவிலிருந்து போய்விடும். பென்சிலால் படித்து, கொண்டு, இருந்தவர்கள், உக்கு என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். -களுக்கு, -கொண்டிருந்த, -விட்டு போன்ற வால்கள் எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வருவதால், சில வாரங்களில் அவை ஒரே பார்வையில் பிடிபடும். பேச்சு மொழிக்கும் எழுத்து மொழிக்கும் உள்ள தூரத்தையும் இங்கேதான் கடக்க வேண்டும்: 'பார்த்துவிட்டு' என்பது தான் தினமும் சொல்லும் 'பாத்துட்டு'தான் என்று தெரியும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எதைப் படிக்க வைப்பது? காக்கா வடை திருடிய கதையை அவன் வயதுக்காரன் தொடமாட்டான். நேற்றைய மேட்ச் செய்தி, பைக் விளம்பரம், சினிமாப் பாட்டு எல்லாம் நல்ல பாடங்கள். அப்போது அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரி பாட்டை வைத்தே ஒரு முயற்சி தொடங்கினார். தொலைக்காட்சியில் குஜராத்திப் பாட்டு ஓடும்போது கீழே அதே வரிகளைக் குஜராத்தியிலேயே ஓடவிட்டார், 1999இல். அடுத்து என்ன சொல் வரும் என்று காதுக்கு முன்பே தெரியும். கண் தானாக எழுத்துக்குப் போகும். வீட்டில் ஒரு கைபேசியும் பிடித்த பாட்டின் வரிகளை எழுதிய தாளும் இருந்தால் போதும்.

ஒரே பத்தியை மூன்று நான்கு முறை, கடிகாரம் வைத்துப் படிக்க வைப்பதும் பலன் தருகிறது. 1979இல் ஜே சாமுவெல்ஸ் இதைப் பரவலாக்கினார். பத்தி மனப்பாடம் ஆகிவிடாதா என்று தோன்றும்; அவர் கண்டதோ, அடுத்த புதுப் பத்தியையும் முன்பைவிட வேகமாகத் தொடங்கினார்கள் என்பது. அவன் போட்டியிடுவது தன்னுடைய நேற்றைய நேரத்தோடு மட்டும். வகுப்பில் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்வது இதற்கு நேர் எதிர். அதனால் யாரும் படிக்கக் கற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வேகம் மட்டும் தாமதமாகத்தான் வரும். 2001இல் வெளியான டார்கசன் குழுவின் ஆய்வில், வாசிப்பில் மிகவும் பின்தங்கிய எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம், நாளுக்கு இரண்டு முறை, ஒருவருக்கு ஒருவராக, மொத்தம் 67.5 மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். பிழையில்லாமல் படிப்பது வெகுவாக மேம்பட்டது; இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது நிலைத்தது. வேகத்தில் மட்டும் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். பதின்வயதில் தொடங்கும் பிள்ளையிடமும் இதையே எதிர்பார்க்கலாம்.

ஆகவே தேர்வில் அவனுக்குத் தேவைப்படுவது நேரம். சில மாதங்கள் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் எழுத்து தங்கவில்லை, அப்பாவுக்கோ மாமாவுக்கோ இதே தொல்லை இருந்தது என்றால் டிஸ்லெக்சியாவுக்கான பரிசோதனை அவசியம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஒருவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் இது நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து விண்ணப்பம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.