கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டரில் சார்ஜ் நிற்கவில்லையா?

கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காலையில் முழு சார்ஜ், மதியத்திற்குள் காலி. என்ன செய்வது?" இதற்குப் பதில் தேடும் முன், நம் பக்கத்து பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து 1999-ல் சிம்ப்யூட்டர் டிரஸ்ட்டைத் தொடங்கினார்கள். 2001-ல் மாதிரிக் கருவி வெளியானது. 2004 ஏப்ரலில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த 'அமிடா' சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. லினக்ஸில் ஓடிய இந்தக் கருவி கிராமத்து மக்களுக்காகத் திட்டமிடப்பட்டது.

முதல் சிம்ப்யூட்டருக்கு டி.வி. ரிமோட்டில் போடுவது போன்ற மூன்று சிறிய ஏ.ஏ.ஏ. பேட்டரிகள்தான். ரீசார்ஜ் செய்யும் வகையில் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், 750 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தால், மூன்றும் சேர்ந்து 2.7 வாட்-மணி. பிராசசர் மட்டும் தொடர்ந்து அரை வாட் இழுத்தாலே ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திரைக்கும் மெமரிக்கும் தனிச் செலவு. எனவே வேலையில்லாத நேரத்தில் கருவியைத் தூங்க வைப்பதுதான் ஒரே வழி.

இன்றைய கருவிகளில் 3000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சாதாரணம். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 11.1 வாட்-மணி, அதாவது நான்கு மடங்கு. ஆனால் வண்ணத் திரை, வைஃபை, சிம் மோடம் என்று செலவும் கூடிவிட்டது. தூங்க வைக்கும் விதி மட்டும் மாறவில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம். எந்த செட்டிங்கையும் மாற்றும் முன் கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

1. பேட்டரி நன்றாக இருக்கிறதா?

டெர்மினலில் அப்பவர் கட்டளை மூலம் பேட்டரி விவரத்தை எடுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு என இரண்டு எண்கள் கிடைக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் என்றால், செட்டிங் மாற்றிப் பயனில்லை, பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

2. தூங்கும்போது எவ்வளவு செலவாகிறது?

இரவு படுக்கும் முன் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை சஸ்பெண்ட் நிலையில் வையுங்கள். காலையில் மறுபடி பாருங்கள். மறுநாள் இரவு வைஃபை, புளூடூத், மோடம் மூன்றையும் அணைத்துவிட்டு இதையே செய்யுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றவாளி ரேடியோ பகுதி. இரண்டு இரவும் ஒரே மாதிரி அதிகமாகக் குறைந்தால், கருவி சரியாகத் தூங்கவில்லை. சிஸ்டம் லாகைத் திறந்து, எத்தனை முறை விழித்திருக்கிறது என்று பாருங்கள்.

3. விழித்திருக்கும்போது யார் தின்கிறார்கள்?

பவர்டாப் என்ற இலவச புரோகிராமை ஓடவிடுங்கள். இன்டெல் 2007-ல் வெளியிட்டது, ஏ.ஆர்.எம். பிராசசரிலும் ஓடும். எந்த புரோகிராம் பிராசசரை நொடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்று பட்டியல் போடும். நாம் தொடாத புரோகிராம் ஒன்று பட்டியலின் மேலே நின்றால், அதை மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

4. திரையும் வேகமும்

திரை வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். பிராசசர் கவர்னர் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் இருந்தால் 'ஷெட்யூட்டில்' அல்லது 'ஆன்டிமாண்ட்' என்று மாற்றுங்கள். வைஃபையின் பவர் சேவ் வசதியை ஆன் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இல்லாவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது.

எங்கள் ஊர் நாட்றாம்பாளையம், கர்நாடக எல்லையை ஒட்டிய மலைக்காட்டுப் பகுதி. என் மாமா பால் ஊற்ற வருபவர்களின் கணக்கை இப்படி ஒரு கருவியில்தான் பதிகிறார். சாயங்காலப் பாலுக்கு முன் கருவி அணைந்தால், யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பது வாய்க்கணக்காகிவிடும். மாடு வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது கூலிப் பிரச்னை.

அவர் கருவியில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்தேன். பேட்டரி நன்றாகவே இருந்தது. இரண்டாவது சோதனையில் விடை கிடைத்தது. சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் ஓயாமல் டவரைத் தேடும். கிடைத்தாலும் அதிக சக்தியோடு பேச வேண்டியிருக்கும். ஓசூரில் ஒரு நாள் தாங்கும் அதே கருவி மலைக்கு வந்தால் அரை நாளில் படுப்பது இதனால்தான். பால் கணக்கு எழுத நெட் தேவையில்லை. இப்போது மாமா மோடத்தை அணைத்தே வைத்து, இரவு ஒருமுறை மட்டும் ஆன் செய்து கணக்கை அனுப்புகிறார். இரண்டு வேளைப் பாலும் பதிந்த பிறகும் சார்ஜ் மீதமிருக்கிறது.

உங்கள் ஊரிலும் சிக்னல் குறைவென்றால், புது பேட்டரிக்குப் பணம் செலவழிக்கும் முன் அந்த இரண்டு இரவுச் சோதனையைச் செய்து பாருங்கள். அதற்குக் காசு எதுவும் ஆகாது.