கையில் இருப்பது எஃப்.ஐ.ஆர். தானா?

கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப்போய் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர், கலெக்டர் முதல் பிரதமர் வரை மனு அனுப்புகிறார்கள். இன்டர்போலுக்கே எழுதிவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. இன்டர்போல் தனிமனிதர்களின் புகாரை வாங்கி விசாரிப்பதில்லை. கைது செய்ய அதனிடம் படையும் இல்லை. 196 நாடுகளின் போலீஸார் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு அது.

வெளிநாட்டுப் போலீஸின் தொடர்பு அதிகாரிகளும் அப்படித்தான். அமெரிக்க எஃப்.பி.ஐ., ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் ஆகியவற்றின் அதிகாரிகள் டில்லியில் இருக்கிறார்கள். நம் மண்ணில் யாரையும் கைது செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை. நம் போலீஸோடு பேசுவதே அவர்கள் வேலை. ஆகவே, "இன்டர்போல் அதிகாரி" என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் கேட்பவன் திருடன். இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வெளிநாட்டுப் போலீஸின் உதவி கேட்கும் பாதை முழுக்கப் போலீஸிலிருந்து போலீஸுக்குப் போவது. உள்ளூர் ஸ்டேஷன், மாநிலப் போலீஸின் இன்டர்போல் தொடர்பு அதிகாரி, டில்லியில் சி.பி.ஐ., பிறகே அந்த நாடு. இந்தக் கோரிக்கைகளுக்காக 2025 ஜனவரியில் வந்த 'பாரத்போல்' தளமும் போலீஸின் பயன்பாட்டுக்கே. இதற்கெல்லாம் முதல் காகிதம் எஃப்.ஐ.ஆர்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. வழக்கு எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

"சம்பவம் வெளிநாட்டில் நடந்தது, நாங்கள் என்ன செய்ய?" என்று கைவிரிக்கும் அதிகாரிகளைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஆசைகாட்டியது இங்கே, பணம் வாங்கியது இங்கே. ஏஜென்ட் பக்கத்து ஊரிலேயே நடமாடுகிறான். பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். "எல்லை எங்களுடையதல்ல" என்று ஸ்டேஷனில் சொன்னாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவுப்படி புகாரைப் பதிய வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், அந்தத் தபால் ரசீதோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

புகாரில் பாஸ்போர்ட் எண், விசா, விமான டிக்கெட், ஏஜென்ட்டின் வங்கிக் கணக்கு, பணம் போட்ட தேதிகள், பிள்ளை கடைசியாக அனுப்பிய லொகேஷன் எல்லாம் இருக்கட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். புது போன் வாங்கினாலும் பழையதை விற்காதீர்கள்.

பிள்ளையை மீட்கும் வேலை தனி. வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் பதிந்து, நாம்பென்னிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுதுங்கள். தூதரகம் ஊர் திரும்ப உதவும், ஏஜென்ட்டைப் பிடிக்காது. அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், திரும்பவும் சொல்கிறேன், சி.எஸ்.ஆர். போதாது.

ஏஜென்ட்டே வெளிநாட்டுக்கு ஓடிவிட்டால், அவனைத் தேடிப் பிடிக்கும்படி மற்ற நாட்டுப் போலீஸைக் கேட்கும் இன்டர்போலின் ரெட் நோட்டீஸ் கேட்கலாம். அதற்கு நீதிமன்றப் பிடிவாரன்ட் முதலில் வேண்டும். வாரன்ட் வாங்கியாயிற்றா, சி.பி.ஐ.க்குக் கோரிக்கை போயிற்றா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.