நரம்பில் பழுது எங்கே?

மேகமலைக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு மார்கழியில் அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு, விடியற்காலைப் பஸ்ஸில் சின்னமனூருக்கு இறங்கினேன். அங்கிருந்து நேரே தேனியில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். என் இடக்கைச் சுண்டுவிரல் சில மாதங்களாக அடிக்கடி மரத்துப்போகும். டாக்டர் நரம்புச் சோதனை செய்யச் சொல்லியிருந்தார். பௌதிகம் சொல்லிக்கொடுப்பவனுக்கு அந்தச் சோதனை ஒரு விருந்து!

சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள தசைமேல் சிறு உலோகத் தகடு ஒன்றை ஒட்டினார்கள். மணிக்கட்டில், நரம்பு ஓடும் இடத்தில், சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். விரல் துள்ளியது. தசையில் எழுந்த மின்னலை திரையில் ஒரு மேடுபோலத் தெரிந்தது. அதிர்ச்சிக்கும் அலைக்கும் இடையே 3 மில்லி விநாடி. அடுத்து முழங்கைக்குச் சற்றுக் கீழே அதிர்ச்சி கொடுத்தபோது 8 மில்லி விநாடி. இரண்டு இடங்களுக்கும் இடையே 22 செ.மீ. தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 44 மீட்டர்.

ஏன் இரண்டு இடங்களில் அதிர்ச்சி கொடுக்க வேண்டும்? அந்த 3 மில்லி விநாடியில், சேதி நரம்பின் முனையிலிருந்து தசைக்குத் தாவுகிற நேரமும் அடங்கியிருக்கிறது. எட்டிலிருந்து மூன்றைக் கழித்தால் அது நீங்கி, நரம்பில் ஓடிய நேரம் மட்டும் மிஞ்சும்.

பெரியவர்களின் கையில் இந்த வேகம் பொதுவாக 50 மீட்டருக்குக் குறையாது. எனக்கு 44. மனம் திக்கென்றது. சோதனை செய்தவரோ என் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். தோலின் வெப்பநிலை 28 டிகிரிதான்! வெதுவெதுப்பான நீரில் கையை வைக்கச் சொன்னார். 32 டிகிரிக்கு வந்ததும் மறுபடி அளந்தால், 5 மில்லி விநாடி 4.2 ஆகியிருந்தது. வேகம் 52. குளிரில் நரம்பின் சவ்விலுள்ள அயனி வாயில்கள் மெதுவாகத் திறக்கின்றன. ஒரு டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். முழங்கையை மேசையில் ஊன்றி விடைத்தாள் திருத்தும் பழக்கத்தை விடச் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

உண்மையாகவே பழுது இருந்தால்? நரம்பு இழையை உறை போட்ட மின்கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மையலின் என்னும் உறை கெட்டால் வேகம் வெகுவாகக் குறையும். உள்ளே உள்ள இழைகளே அறுந்தால் கதை வேறு. நூறு இழைகளில் எழுபது அழிந்தாலும் மீதி முப்பது பழைய வேகத்திலேயே ஓடும். ஆனால் குறைந்த தசை நார்களே துடிப்பதால் அலையின் உயரம் சரிந்துவிடும். வேகத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அப்போது தசைக்குள் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகிப் பார்ப்பார்கள். ஓய்வில் இருக்கும் நல்ல தசை மௌனமாக இருக்கும். நரம்பை இழந்த தசை தானாகவே சிறு சிறு துடிப்புகளை எழுப்பிக்கொண்டிருக்கும்.

இழை அழிவதற்கு ஒரு துயரமான சான்று இலங்கையில் உண்டு. 1977-78இல் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியருக்குக் கால்கள் தளர்ந்தன. எல்லாரும் உங்கள் வயதினர்; அண்மையில் பூப்படைந்தவர்கள். நம் வீடுகளில் போலவே அவர்களுக்கும் நல்லெண்ணெய் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததே காரணமாயிருக்கலாம் என்று டாக்டர் நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் எழுதினார்கள். இந்த நஞ்சு உடனே வேலையைக் காட்டாது. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே, மிக நீளமான இழைகளின் நுனியிலிருந்து அழிக்கத் தொடங்கும். அதனால்தான் பாதம் முதலில் விழுகிறது. அதற்குள் எண்ணெயை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

அதே பாஸ்பரஸ் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிமருந்துகள் நம் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கும் புதியவை அல்ல. இவை தாக்குவது, நரம்பு தசையைத் தொடும் சந்திப்பை. அங்கே அசிடைல்கோலின் என்னும் பொருள் சேதியைக் கொண்டு செல்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். பூச்சிமருந்து அந்த நொதியை முடக்குகிறது. ஆகவே ஓர் அதிர்ச்சிக்கு ஓர் அலை வருவதற்குப் பதில், அதன் வாலில் இன்னொன்றும் தொற்றிக்கொண்டு வரும். நரம்பின் வேகமோ அப்படியே இருக்கும்.

1987இல் அதே சேனநாயக்க, கரலியத்த என்ற டாக்டருடன் சேர்ந்து பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். மருந்து உட்கொண்டு முதல் ஆபத்திலிருந்து தப்பியவர்கள் அவர்கள். ஆனால் 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. அடுத்தடுத்து வேகமாக அதிர்ச்சி கொடுத்தால் அலைகள் ஒன்றைவிட ஒன்று சிறுத்துக்கொண்டே போயின. சந்திப்பு தேறிவரும்வரை, சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட, செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காக்க வேண்டியிருக்கும். இந்தத் தளர்ச்சியின் முதல் அடையாளத்தைக் காண இயந்திரம் எதுவும் வேண்டாம். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது.