சிட்டிகை உப்பும் வானத்துப் பெருமீன்களும்

பானை நிறையக் கறி ஆக்கினாலும் அதன் சுவையைத் தீர்மானிப்பது ஒரு சிட்டிகை உப்பே என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். விண்மீன்களின் கதையும் இத்தகையதே என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

விண்மீன்களும் பூமியிலுள்ள மூலகங்களை ஏறத்தாழ அதே அளவிற் கொண்டவை என அறிஞர் ஒருகாலத்தில் நம்பினர். 1925ஆம் ஆண்டில் செசிலியா பெயின் என்னும் இளம் பெண்மணி, அவற்றில் ஐதரசனே மிக மிகுந்துள்ளது எனத் தமது ஆராய்ச்சியிற் கண்டார். பேரறிஞர் ஹென்றி நோரிஸ் ரசல் அதனை ஏற்கவில்லை. ஆயினும் 1929இல் அவரே அதே முடிவுக்கு வந்தார். சூரியனில் ஐதரசனும் ஈலியமும் தவிர்ந்த மூலகங்கள் யாவும் சேர்ந்தும் நூற்றுக்கு 2 பங்கிலும் குறைவே.

அச்சிறு பங்கு ஆற்றும் பணியோ பெரிது. சூரியனிலும் 20 மடங்கு திணிவுள்ள ஒரு விண்மீனை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாவதற்குக் காபன் துணைநிற்கின்றது. கலியாணத் தரகர் இரு வீட்டாரையும் சேர்த்துவைத்து, தரகுப் பணமும் பெறாது வந்தபடியே மீண்டால் எப்படியோ, அப்படியே காபனும் இறுதியிற் குறையாமல் மீள்கின்றது. ஆதியில் தோன்றிய பெருமீன்களுக்கு இத்தரகர் வாய்க்கவில்லை. ஆகவே அவை தம் பாரந் தாங்காது சுருங்கின. நடுப்பகுதி ஏறத்தாழ 10 கோடிப் பாகை வெப்பத்தை எட்டி, ஈலியத்திலிருந்து சிறிது காபனைத் தாமே ஆக்கிக்கொண்ட பின்னரே அச்சுருக்கம் நின்றது.

பாரமான மூலகங்கள் உள்ளிருந்து வரும் ஒளியையும் தடுக்கின்றன. தடைப்பட்ட ஒளி மேற்படலத்தை உந்துகின்றது. அதனால் முதிர்ந்த பெருமீன் விரிந்து, மேற்பரப்புக் குளிர்ந்து சிவக்கின்றது. அம்மூலகங்கள் குறைந்தவிடத்து அது இறுகி நீலமாய் ஒளிர்வது எளிது.

1987ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள், பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்ததை சிலி நாட்டிலிருந்து இயன் ஷெல்டன் கண்டார். வெடிப்பது சிவப்புப் பெருமீனாகவே இருக்கும் என எதிர்பார்த்த அறிஞர் திகைத்தனர். வெடித்ததோ நீலப் பெருமீன்! அம்முகிலிற் பாரமான மூலகங்கள் சூரியனில் உள்ளவற்றின் ஏறத்தாழப் பாதியே. இதனை ஒரு காரணமாகக் கூறினர். முன்னரே இரு விண்மீன்கள் ஒன்றாய்க் கலந்திருக்கலாம் என்றும் கருதினர்.

இவ்வாறு வெடித்த விண்மீன்கள் சிதறும் பொருளே, பின்னர்ப் பிறக்கும் விண்மீன்களுக்கு உப்பாகின்றது. நம் குருதியிலுள்ள இரும்பும் முன்னொருநாள் விண்மீன்களில் விளைந்ததே. இன்றிரவு முற்றத்தில் நின்று வானை நோக்கும் நம் சிறுவருக்கு இதனை எடுத்துரைப்போமாக.